தாமரை இலை போன்ற மண்: காட்டில் நீர்விலக்கம், கரிமம், நீர்க்கணக்கு மூன்றையும் சேர்த்து அளப்பது எப்படி?

நெடுங்கோடைக்குப் பிறகு முதல் மழை பெய்து ஓய்ந்ததும் ஒரு காட்டுக்குள் போய், சருகை விலக்கி மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். மேலே சொதசொதவென்று இருக்கும். இரண்டு விரற்கடை கீழே போனால் புழுதி பறக்கும். பெய்த மழை எங்கே போனது? பாதி சரிவில் வழிந்தோடியிருக்கலாம். மீதி, ஏதோ ஒரு வேர்த்துளையைக் கண்டுபிடித்து ஒற்றைக் கோடாகக் கீழே இறங்கியிருக்கலாம். சுற்றியுள்ள மண் நனையவே இல்லை.

இதற்குப் பெயர் மண்ணின் நீர்விலக்கம். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாமல் உருளுவதற்கும் இதற்கும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மெழுகு. இலைகளின் மேல்பூச்சு, பிசின், வேர்க்கசிவு, பூஞ்சை இழைகள் ஆகியவற்றிலிருந்து வரும் நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்களும் மெழுகுகளும் மண்துகள்களின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. கலிஃபோர்னியாவில் நனைய மறுக்கும் மண் ஒன்றைப் பற்றி 1910-லேயே ஷ்ரைனர், ஷோரி என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இது வெகுகாலம் ஒரு விநோதமாகவே பார்க்கப்பட்டது.

இந்த வழிகாட்டி, காட்டில் சொந்தமாக ஓர் ஆய்வைத் தொடங்க நினைக்கும் மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும். நான் வலியுறுத்தப்போவது ஒன்றே ஒன்று: நீர்விலக்கம், கரிமம் (கார்பன்), ஈரம் மூன்றையும் ஒரே குழியில், ஒரே நாளில் எடுங்கள். தனித்தனியாக எடுத்த மூன்று நல்ல தரவுத்தொகுப்புகளைவிட, சேர்த்து எடுத்த சுமாரான ஒன்று அதிகம் சொல்லும்.

முதல் படி: கேள்வியையும் நாட்காட்டியையும் முடிவு செய்யுங்கள்

"இந்தக் காட்டு மண் நீர்விலக்கும் மண்ணா?" என்று கேட்காதீர்கள். அதற்கு விடை கிடையாது. நீர்விலக்கம் மண்ணின் நிறம்போல நிலையான குணம் அல்ல. காய்ந்தால் வரும், நனைந்தால் மறையும். மழைக்காலத்தின் நடுவில் போய் அளந்துவிட்டு "இங்கே பிரச்சினையே இல்லை" என்று எழுதிய அறிக்கைகள் பல உண்டு. கோடையின் கடைசி வாரத்தில் அதே இடம் கண்ணாடித் தரைபோலத் தண்ணீரை உருட்டிவிடும்.

சரியான கேள்வி இது: எவ்வளவு காய்ந்தால், எந்த ஆழத்தில், எவ்வளவு கடுமையாக? அப்படிக் கேட்டால் ஆண்டுக்கு ஒருமுறை அளப்பது போதாது. வறட்சி உச்சத்தில் ஒருமுறை, முதல் மழை முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒருமுறை, மண் நன்றாக நனைந்தபின் ஒருமுறை, மறுபடி காயத் தொடங்கும்போது ஒருமுறை. குறைந்தது இந்த நான்கு.

ஆய்வு மனைகளை, அதாவது அளக்கப்போகும் சிறு நிலத்துண்டுகளை, தேர்ந்தெடுக்கும்போது சரிவு, மண்வகை, மரவகை மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள். மணற்பாங்கான மண்ணில் துகள்களின் மொத்தப் பரப்பு குறைவு. கொஞ்சம் மெழுகே எல்லாவற்றையும் மூடிவிடும். களிமண்ணில் அதே அளவு மெழுகு எங்கோ காணாமல் போகும். ஆகவே மணல் மனையையும் களி மனையையும் ஒப்பிட்டுவிட்டு வித்தியாசத்துக்கு மரத்தைக் குற்றம் சொல்வது அபத்தம்.

இரண்டாம் படி: சொட்டு வைத்துப் பார்ப்பது

உலகம் முழுவதும் பயன்படும் சோதனை இதுதான். செலவே கிடையாது. ஒரு சொட்டுக் குழாய், காய்ச்சி வடித்த நீர், நிறுத்துக் கடிகாரம், இவை போதும்.

சருகையும் பாதி மக்கிய அடுக்கையும் கையால் மெதுவாக விலக்குங்கள். கனிம மண் தெரிய வேண்டும். மக்கின் மேல் சொட்டு வைத்தால் மக்கைத்தான் அளக்கிறீர்கள். மண்ணை விரலால் அழுத்திச் சமப்படுத்த வேண்டாம். தூரிகையால் தளர்வான துகள்களை மட்டும் ஒதுக்குங்கள். சுமார் 0.05 மில்லி லிட்டர் சொட்டை, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குள்ளிருந்து விடுங்கள். உயரத்திலிருந்து விழுந்தால் அடிக்கும் வேகத்திலேயே சொட்டு படலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

இப்போது குனிந்து பாருங்கள். நீர் ஏற்கும் மண்ணில் சொட்டு தொட்ட கணமே கறையாகிவிடும். நீர்விலக்கும் மண்ணில் அது முத்துப்போல நிற்கும். நுண்ணிய துகள்கள் மெதுவாக அதன் மேல் ஏறி, முத்துக்குப் புழுதிச் சட்டை போட்டுவிடும். அந்தச் சட்டையைக் கண்டு சொட்டு உறிஞ்சப்பட்டுவிட்டது என்று நினைத்துக் கடிகாரத்தை நிறுத்துபவர்கள் உண்டு. பக்கவாட்டிலிருந்து ஒளியடித்துப் பாருங்கள். மேடு இருந்தால் நீர் இன்னும் இருக்கிறது.

நேரத்தை வைத்து வகைப்படுத்துவது இப்படி: 5 வினாடிக்குள் உறிஞ்சினால் நீர் ஏற்கும் மண். 5 முதல் 60 வரை லேசான நீர்விலக்கம். 60 முதல் 600 வரை வலுவானது. 600 முதல் 3600 வரை கடுமையானது. ஒரு மணி நேரத்தையும் தாண்டினால் மிகக் கடுமையானது. இந்தக் கடைசி வகையில் ஒரு சிக்கல்: வெயிலில் சொட்டு உறிஞ்சப்படாமலேயே ஆவியாகிவிடும். நீண்ட நேரம் நிற்கும் சொட்டுகளின் மேல் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

ஒரு புள்ளியில் ஒரு சொட்டு போதாது, குறைந்தது பத்து. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. பத்தில் எட்டுச் சொட்டுகள் முறையே 2, 3, 3, 4, 6, 8, 40, 700 வினாடிகள் எடுத்தன. மீதி இரண்டும் ஒரு மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்ததால் 3600 என்று எழுதினோம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 797 வினாடி, அதாவது "கடுமையானது". நடுமதிப்பு 7 வினாடி, அதாவது "லேசானது". ஒரே தரவு, இரண்டு தீர்ப்பு! உண்மையில் மழைநீர் இரண்டையும் மதிக்காது. அந்த நான்கு நல்ல புள்ளிகள் வழியாக உள்ளே போகும். எனவே சராசரியைத் தூக்கிப் போட்டுவிட்டு "பத்தில் நான்கு ஏற்கும், மூன்று லேசானவை, மூன்று கடுமையானவை அல்லது அதற்கும் மேல்" என்று விகிதமாகச் சொல்லுங்கள்.

இதே சோதனையை மேற்பரப்பில் மட்டும் செய்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். 0, 2, 5, 10 சென்டிமீட்டர் ஆழங்களில் படிக்கட்டு போல வெட்டி ஒவ்வொரு படியிலும் வையுங்கள். தீப்பட்ட காட்டில் இது கட்டாயம். மண் ஏறத்தாழ 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடானால் நீர்விலக்கம் வலுக்கும். 280 முதல் 400 டிகிரிக்குள் மெழுகு எரிந்து அது அழிந்துபோகும். கடுந்தீயில் மேல்மண் எரிந்து "சுத்தமாகி" நீரை ஏற்கத் தொடங்கும், ஆனால் ஆவியான மெழுகு கீழே குளிர்ந்த அடுக்கில் படிந்து ஒரு மறைவான மூடியாகிவிடும். சாம்பலின் மேல் சொட்டு வைத்து நல்ல மண் என்று சான்றிதழ் கொடுப்பது அந்த மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டு கொடுப்பது.

மூன்றாம் படி: ஆல்கஹால் வரிசை

ஒரு மணி நேரம் காத்திருக்கப் பொறுமை இல்லாதபோது இது கைகொடுக்கும். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லி நியூட்டன். எத்தனாலுக்குச் சுமார் 22. எத்தனாலைக் கூட்டக் கூட்டச் சொட்டு தளர்ந்து மண்ணுக்குள் நுழையும். 0, 3, 5, 8.5, 13, 24, 36 விழுக்காடு என்று கரைசல்களை வரிசையாக வைத்துக்கொண்டு, எந்தக் கரைசலின் சொட்டு சில வினாடிக்குள் உள்ளே போகிறது என்று பாருங்கள். எத்தனை வினாடி என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். 36 தேவைப்பட்டால் அந்த மண் உச்ச நிலையில் இருக்கிறது.

சொட்டு நேரம் சொல்வது நீர்விலக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதை. எத்தனால் வரிசை சொல்வது அது எவ்வளவு வலுவானது என்பதை. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றை அளந்து மற்றொன்றின் பெயரில் எழுத வேண்டாம். குப்பிகளை இறுக மூடி வையுங்கள். எத்தனால் பறந்துவிட்டால் மதியத்துக்குள் உங்கள் 13 விழுக்காடு வெறும் 11 ஆகிவிடும்.

மண் எவ்வளவு வேகமாக நீரை உள்ளே விடுகிறது என்று காட்டும் வட்டு ஊடுருவல் அளவி கையில் இருந்தால் அதையும் வையுங்கள். சாதாரண மண்ணில் ஊடுருவல் வேகம் தொடக்கத்தில் அதிகமாக இருந்து படிப்படியாகக் குறையும். நீர்விலக்கும் மண்ணில் தலைகீழ்: முதலில் அசையாது, பிறகு படலம் தளரத் தளர வேகம் கூடும். வளைவு மேல்நோக்கி வளைவதைப் பார்த்துக் கருவி பழுது என்று கழற்றிவிடாதீர்கள்.

நான்காம் படி: காயவைப்பதில் கவனம்

என் முதல் ஆண்டு மாதிரிகள் முழுவதும் வீணானது இங்கேதான். ஈரத்தை அளக்க மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் காயவைப்பது வழக்கம். நானோ எல்லா டப்பாக்களையும் ஒன்றாக அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் அதே மண்ணில் சொட்டு வைத்தேன். களத்தில் லேசாக இருந்த மண்ணும் கடுமையாகிவிட்டிருந்தது; வேறு சிலவற்றில் நேர்மாறு. சூடு மெழுகை உருக்கி இடம் மாற்றிவிட்டது. அந்த எண்களுக்கு இன்றுவரை எனக்குப் பொருள் தெரியாது.

எனவே ஒவ்வொரு மாதிரியையும் எடுத்த உடனே மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு ஈரத்துக்கு, 105 டிகிரியில். ஒரு பங்கு நீர்விலக்கத்துக்கு, களத்தில் இருந்த ஈரத்தோடு ஒருமுறையும், 60 முதல் 65 டிகிரியில் காயவைத்து அறைக் காற்றில் ஓரிரு நாள் ஆறவிட்டு மறுமுறையும். முதலில் வருவது அன்றைய உண்மை நிலை. இரண்டாவது அந்த மண்ணால் எட்டக்கூடிய நிலை. மூன்றாவது பங்கு கரிமத்துக்கு.

இன்னொரு சின்ன வேலை செய்தால் ஆய்வின் மதிப்பு பல மடங்கு கூடும். ஒரே மண்ணை ஐந்தாறு டப்பாக்களில் நனைத்து, ஒன்றை ஒரு நாள், அடுத்ததை இரண்டு நாள் என்று அறையில் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஈரத்தையும் சொட்டு நேரத்தையும் அளந்து பாருங்கள். ஏதோ ஓர் ஈரநிலைக்குக் கீழே போனதும் சொட்டு திடீரென்று நிற்கத் தொடங்கும். அந்த எல்லை ஒரு கோடாக இருக்காது, ஒரு பட்டையாக இருக்கும். அது தெரிந்துவிட்டால், காட்டில் புதைத்த ஈரமானியைப் பார்த்தே மண் எப்போது கதவை அடைக்கும் என்று சொல்லிவிடலாம். திரும்ப நனையும்போது அதே எல்லையில் கதவு திறக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். திறக்க நாட்களோ வாரங்களோ ஆகும்.

ஐந்தாம் படி: கரிமம்

கரிமம் என்றதும் எல்லோரும் விழுக்காட்டைத்தான் கேட்கிறார்கள். விழுக்காடு மட்டும் இருந்தால் காட்டில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பரும அடர்த்தியும் (ஒரு கன அளவு மண்ணின் உலர் எடை) கல்லின் அளவும் வேண்டும்.

அடர்த்திக்கு, கன அளவு தெரிந்த எஃகு வளையத்தை மண்ணில் நேராக இறக்கி எடுங்கள். வேர் தடுத்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்க வேண்டாம், மண் அமுங்கிவிடும்; வளையத்தைச் சுற்றிக் கத்தியால் வேரை வெட்டுங்கள். மண்ணைக் காயவைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கல்லைத் தனியாக எடை போட்டு அதன் கன அளவைக் கழியுங்கள்.

கணக்கு எளிது. கரிம விழுக்காடு, அடர்த்தி (கன சென்டிமீட்டருக்குக் கிராம்), ஆழம் (சென்டிமீட்டர்) மூன்றையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று வந்துவிடும். 3 விழுக்காடு, 0.9 அடர்த்தி, 10 சென்டிமீட்டர்: 27 டன். அந்த மண்ணின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு கல் என்றால் 0.8-ஆல் பெருக்குங்கள்: 21.6 டன். கல்லை மறந்தால் இல்லாத 5.4 டன் கரிமம் கணக்கில் ஏறிவிடும்.

இன்னொரு பொறி: மரம் ஏற்றும் வண்டி ஓடி மண் அமுங்கி, அடர்த்தி 1.0-லிருந்து 1.2 ஆனால், அதே 10 சென்டிமீட்டரில் 20 விழுக்காடு கூடுதல் கரிமம் "சேர்ந்ததாக"க் கணக்கு காட்டும். ஒன்றுமே சேரவில்லை, அதிக மண்ணை அளந்திருக்கிறீர்கள். ஆழத்துக்கு ஆழம் ஒப்பிடாமல், சம எடை மண்ணுக்குச் சம எடை மண் என்று ஒப்பிட்டால் இந்த மாயம் மறையும்.

ஆய்வகத்தில், மண்ணை எரித்துக் கரிமத்தை அளக்கும் உலர் எரிப்புக் கருவி கிடைத்தால் வேறெதையும் தேட வேண்டாம். கிடைக்காவிட்டால் 1934-ல் வந்த வாக்லி-பிளாக் முறை: டைகுரோமேட்டும் கந்தக அமிலமும். அது சராசரியாக 77 விழுக்காடு கரிமத்தையே எரிக்கிறது என்பதால் 1.3-ஆல் பெருக்குவது வழக்கம். தீப்பட்ட மண்ணில் இதை நம்பாதீர்கள். கரித்துண்டுகள் இந்த அமிலத்துக்கு அவ்வளவாக மசியாது. மண்ணில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. அதை முதலில் நீக்காவிட்டால் உலர் எரிப்பு சுண்ணாம்பையும் சேர்த்து எண்ணிவிடும்.

இனி, கரிமத்துக்கும் நீர்விலக்கத்துக்கும் உள்ள உறவு. கரிமம் கூடினால் நீர்விலக்கம் கூடும் என்பது பொதுவாகச் சரி, ஆனால் ஒரே கரிம அளவுள்ள இரண்டு மண்களில் ஒன்று நீரைக் குடிக்கும், மற்றொன்று துப்பும். எவ்வளவு என்பதைவிட எந்த வகைக் கரிமம் என்பதே முக்கியம். மெழுகும் பிசினும் நிறைந்த யூகலிப்டஸ், பைன் போன்ற மரங்களின் கீழே கொஞ்சம் கரிமமே போதும். எனக்கு இதில் பிடித்தது மறுபக்கம்: நனையாத மண்கட்டிக்குள் நுண்ணுயிரிகளுக்கு வேலை இல்லை, அதனால் உள்ளே இருக்கும் கரிமம் மெதுவாகவே சிதைகிறது. கட்டியும் மழையில் எளிதில் உடையாது. ஆக நீர்விலக்கம் தண்ணீருக்குப் பகை, கரிமத்துக்குக் காவல். அளவோடு இருக்கும்வரை அதை நோய் என்று நினைக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: நீர்க்கணக்கு

ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். அது எங்கெல்லாம் போகிறது என்று பிரிக்க வேண்டும். திறந்த வெளியில் ஒரு மழைமானி; மரத்தடியில் பல. விதானத்தில், அதாவது மர உச்சிகளின் இலைக்கூரையில், தங்கி அப்படியே ஆவியாகும் மழை, மரவகையையும் அடர்த்தியையும் பொறுத்து மொத்தத்தில் 10 முதல் 40 விழுக்காடு வரை போகலாம். இலைநுனிகளில் வடியும் இடமும் வடியாத இடமும் அருகருகே இருப்பதால் மரத்தடி மழைமானிகளை ஒரே இடத்தில் விட்டுவிடாமல் அவ்வப்போது மாற்றிப் போடுங்கள். தண்டுவழி ஓடிவருவதற்குத் தண்டைச் சுற்றி ரப்பர் வளையம். மரம் குடிப்பதை அளக்க வெப்ப முறைச் சாற்றோட்டமானிகள் உண்டு. கையில் காசும் மின்சாரமும் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் ஆய்வு நின்றுவிடாது.

ஓடையில் ஓடும் நீரை அளக்கச் செங்கோண வீ வெட்டுப் பலகை, அதாவது ஆங்கில V வடிவில் வெட்டிய தடுப்பு. நீர்மட்டத்தை மீட்டரில் எடுத்து 2.5 அடுக்குக்கு உயர்த்தி 1.38-ஆல் பெருக்கினால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். மட்டம் 10 சென்டிமீட்டரில் இருந்தால் வினாடிக்கு 4.4 லிட்டர், 11-ல் இருந்தால் 5.5 லிட்டர். ஒரே ஒரு சென்டிமீட்டர் தவறு, கால் பங்குக்கும் மேல் பிழை. வெட்டில் சிக்கிய ஓர் இலை அதைச் செய்துவிடும். மழைக்கு மறுநாள் காலையில் போய் இலையை எடுப்பதுதான் இந்த ஆய்வின் மிக முக்கியமான வேலை என்றுகூடச் சொல்வேன்.

மரத்தை வெட்டினால் நீர் கூடுமா என்று அறிய இரட்டை நீர்ப்பிடிப்பு முறை இருக்கிறது. அருகருகே ஒரே மாதிரியான இரண்டு ஓடைகள். சில ஆண்டுகள் இரண்டையும் தொடாமல் அளந்து உறவைக் கண்டுபிடித்த பிறகு, ஒன்றில் மட்டும் மரங்களை வெட்டுவது. கொலராடோவின் வேகன் வீல் கேப்பில் 1910-ல் தொடங்கி 1926 வரை நடந்தது இதன் முன்னோடி. அங்கே 1919-ல்தான் கோடாரியே விழுந்தது. வடக்குக் கரோலினாவின் கோவீட்டா நீரியல் ஆய்வகத்தில் 1934 முதல் இந்த வேலை நடக்கிறது. இப்படிப்பட்ட 94 ஆய்வுகளைப் பாஷ், ஹெவ்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1982-ல் தொகுத்தார்கள். மரப்போர்வையில் 10 விழுக்காடு மாறினால் ஊசியிலை, யூகலிப்டஸ் காடுகளில் ஆண்டு நீர்வரத்து சுமார் 40 மில்லிமீட்டர் மாறும். இலையுதிர் காடுகளில் சுமார் 25. புதர்க்காடுகளில் சுமார் 10.

100 ஹெக்டேரில் 40 மில்லிமீட்டர் என்றால் 4 கோடி லிட்டர். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதே தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: 20 விழுக்காட்டுக்கும் குறைவாக வெட்டினால் ஓடையில் அளந்து அந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பத்து விழுக்காடு மரத்தை எடுத்துவிட்டு அடுத்த ஆண்டே ஓடையில் விடை தேடாதீர்கள். கூடும் நீரும் நிலைக்காது, மரங்கள் மறுபடி வளர வளரக் குறைந்துவிடும்.

ஏழாம் படி: மூன்றையும் ஒரே தாளில் வைத்து முடிவெடுப்பது

நெருக்கமான காட்டில் சில மரங்களை எடுத்து இடைவெளி விட்டால், விதானத்தில் வீணாகும் மழை குறையும், மண்ணுக்கு அதிகம் வரும். அதே வெட்டு வெயிலையும் உள்ளே விடும். மண் விரைவாகக் காயும், நீங்கள் நான்காம் படியில் கண்டுபிடித்த எல்லைக்குக் கீழே அடிக்கடி இறங்கும், கதவு அடைபடும். மண் சூடாவதால் கரிமமும் வேகமாகச் சிதையும். வந்த கூடுதல் மழை மண்ணுக்குள் போகாமல் சரிவில் ஓடினால் ஓடை அளவியில் எண் கூடும். மண்ணோ வறண்டே கிடக்கும். ஓடை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதை வெற்றி என்று எழுதிவிடுவார்.

வெட்டிய கிளைகளையும் சருகையும் வாரிக்கொண்டு போகாமல் சரிவுக்குக் குறுக்கே போட்டுவைப்பது இதற்கு நான் பார்த்தவரை மலிவான வழி. நிழல் கிடைக்கும், ஓடும் நீர் தயங்கும், தயங்கினால் படலம் தளர நேரம் கிடைக்கும். தீப்பட்ட செங்குத்துச் சரிவில் வைக்கோலோ மரச்சீவலோ பரப்புவதும் அதே காரணத்துக்காகத்தான். எரிந்த பின் வரும் முதல் பெருமழைக்கு முன் பரப்ப வேண்டும். பிறகு பரப்பினால் பயன் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். தீ ஆபத்து உள்ள இடத்தில் உலர்ந்த கிளைகளைக் குவிக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். மண்ணை எளிதில் நனையவைக்கும் நனைப்பான் மருந்துகள் புல்தரைக்குச் சரி; காட்டு அளவில் அதைப் பேசுவதே வீண். களிமண் கலந்து மணலைச் சரிசெய்வது ஆஸ்திரேலிய விளைநிலங்களில் பலன் தருகிறது, ஆனால் வேர் பின்னிய காட்டுமண்ணை அப்படிப் புரட்ட முடியாது.

சமநிலத்தில், கீழே ஊற்றோ கிணறோ உள்ள இடத்தில், கொஞ்சம் நீர்விலக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். நீர் விரல்விரலாக ஆழத்துக்கு இறங்குவதால் ஆவியாகும் பங்கு குறையலாம். எங்கே சரிசெய்வது, எங்கே கைவைக்காமல் இருப்பது என்பதைச் சரிவும் மண்வகையும்தான் தீர்மானிக்கும்.

களத்தாளை அச்சடிக்கும் முன் ஒரு கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள்: கடைசி மழைக்குப் பின் எத்தனை நாள். தேதி எழுதியிருக்கிறோமே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். இரண்டு ஆண்டு கழித்து வரைபடம் போடும்போது, பக்கத்து மழைமானி பழுதாகிக் கிடந்த வாரங்கள்தான் முதலில் கண்ணில் படும்.